கட்டளைத் திரையில் எழுத்துத் திருத்தியை நிலைநிறுத்துதல்

புனே நகரின் பாஷான் பகுதியில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. 1962-ஆம் ஆண்டில் தோன்றிய இந்நிறுவனத்தில் 2018 ஜனவரியில் ‘பிரத்யூஷ்’ என்னும் மீத்திறன் கணினியும், 2024 செப்டம்பரில் ‘அர்கா’ என்னும் மீத்திறன் கணினியும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றன. இவற்றுள் அர்காவின் திறன் 11.77 பெட்டாஃபிளாப், அதாவது நொடியொன்றுக்கு ஏறத்தாழ 118 கோடி கோடி கணக்கீடுகள். அதே நகரில்தான் 1988-ல் ‘சி-டாக்’ என்னும் உயர்கணிப்பு மேம்பாட்டு மையம் நிறுவப்பட்டு, 1991-ல் ‘பரம் 8000’ என்னும் நம் நாட்டு மீத்திறன் கணினி உருவாயிற்று.

இத்தகைய பெருங்கணினிகளின் முன் யாரும் நேரில் அமர்ந்து வேலை செய்வதில்லை. ஆராய்ச்சியாளர் தம் மேசைக் கணினியிலிருந்து தொலைதொடர்பு வழியாக அவற்றுள் நுழைகிறார். அப்போது அவர் காண்பது படங்களும் பொத்தான்களும் நிறைந்த திரை அன்று. வெறும் கரும்பலகை போன்ற ஒரு திரையும், அதில் கட்டளைக்காகக் காத்து நிற்கும் ஒரு சிறு குறியும்தான். கட்டளையைப் பெற்றுக் கணினிக்கு எடுத்துரைக்கும் நிரலுக்கு ‘ஷெல்’ என்று பெயர். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொன்றும் லினக்ஸ் இயக்க முறையினதே. ஆகவே, ஷெல்லைக் கையாளும் பயிற்சி பெருங்கணினியை அணுகுவோர்க்கு இன்றியமையாதது.

சிறு கணினிகளுக்கும் இது பொருந்தும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு 2007-ல் ‘பாஸ்’ என்னும் இயக்க முறையை வெளியிட்டது. தமிழ்நாட்டில் மாணவர்க்கு வழங்கப்பெற்ற மடிக்கணினிகள் பலவற்றில் இது விண்டோசுடன் சேர்த்து நிறுவப்பட்டிருந்தது. ஆதலின் இக்கட்டுரையிற் கூறப்படுபவற்றைப் பள்ளி ஆசிரியர்களும் தம் வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துகளாலேயே தட்டுதல் வேண்டும்.

1. திருத்தி என்பது யாது?

எழுத்தைத் தட்டவும், மாற்றவும், நீக்கவும் உதவும் நிரலே எழுத்துத் திருத்தி. இனி இதனைத் ‘திருத்தி’ என்றே குறிப்போம். கடிதம் எழுதப் பயன்படும் அலுவலக நிரல்களினின்று இது வேறுபட்டது. தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, பக்க அமைப்பு ஆகியவற்றை இது அறியாது. எழுத்தை எழுத்தாக மட்டுமே சேமிக்கும். கணினியின் அமைப்புக் கோப்புகளுக்கு வேண்டுவதும் அதுவே.

திருத்தியை நாமே பெயர் சொல்லித் திறப்பது ஒரு வழி. ஆனால் சில சமயங்களில் வேறொரு நிரல் நம்மைக் கேளாமலே திருத்தியைத் திறந்து நம்முன் வைக்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளைச் செய்யும் ‘கிரான்’ அட்டவணையை மாற்ற, ‘கிரான்டேப்’ எனத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் ‘இ’ என்னும் எழுத்தும் இட்டால் திருத்தி திறக்கும். நிரல்களின் மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’ கருவி, மாற்றத்தின் காரணத்தை எழுதுவதற்காகத் திருத்தியைத் திறக்கும். கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் ‘லெஸ்’ நிரலில் ‘வி’ விசையை அழுத்தினாலும் திருத்தி வரும். எந்தத் திருத்தி வரும் என்பதே நம் கேள்வி.

2. இக்கேள்வி ஏன் முக்கியமானது?

ஒரு மழைமானி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் அன்றாட மழையளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. அந்நிலையத்து ஊழியர் அளவைக் கணினியில் பதிந்துவிடுகிறார், அதனை 8.45 மணிக்குத் தலைமை அலுவலகத்திற்கு அனுப்பும் பொறுப்பைக் கிரான் அட்டவணையிடம் ஒப்படைக்க விரும்புகிறார். அட்டவணையைத் திறக்கும் கட்டளையைத் தட்டியவுடன் திரையில் தோன்றுவது அவர் முன்பின் அறியாத ‘வீஐ’ என்னும் திருத்தி.

அவர் 45 என்று தட்டுகிறார். திரையில் ஒன்றும் தோன்றவில்லை. வீஐ திறந்தவுடன் இருப்பது கட்டளை நிலை. எழுதும் நிலை அன்று. அந்நிலையில் எண் என்பது ‘இத்தனை முறை செய்க’ என்னும் குறிப்பு. ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. சில எழுத்துகள் வரிகளை அழிக்கின்றன. சில, எழுதும் நிலைக்குக் கொண்டு செல்கின்றன. குழப்பமுற்ற ஊழியர் இறுதியில் சன்னலையே மூடிவிடுகிறார். வேலை முடிந்தது என அவர் கருதினாலும் புதிய வரி அட்டவணையில் பதிவாகவில்லை. மறுநாள் காலை மழையளவு பதிவேட்டில் இருக்கும். உரிய இடத்திற்குச் சென்றிருக்காது.

இத்துடன் நிற்காமல், மீண்டும் முயலும்போது அவசரத்தில் ‘இ’க்குப் பதிலாக ‘ஆர்’ விசையை அழுத்தினால் தீங்கு பெரிது. ஆங்கில விசைப்பலகையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து உள்ளன. ‘இ’ அட்டவணையைத் திருத்துகிறது. ‘ஆர்’ முழு அட்டவணையையும் கேள்வி கேளாமல் அழிக்கிறது. பழக்கமற்ற திருத்தி பதற்றத்தையும், பதற்றம் இத்தகைய பிழையையும் விளைவிக்கும். இவ்வளவையும் இரண்டு வரிகளால் முன்கூட்டியே தவிர்க்கலாம்.

3. திருத்திகள் மூன்று

கணினி வீஐயைத் திறப்பது ஏன் என்பதை அறியச் சிறிது வரலாறு வேண்டும். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் ‘எட்’ என்னும் திருத்தியை எழுதினார். அக்காலத்துக் கணினி முனையம் தட்டச்சுப் பொறியைப் போன்றது. விடை தாளில் அச்சாகும். ஆகவே எட் ஒரு சமயத்தில் ஒரு வரியையே கருதியது. பிழை நேர்ந்தால் ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சிட்டது.

பின்னர்த் திரையுள்ள முனையங்கள் வந்தன. 1976-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் வீஐயை எழுதினார். அவர் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய எழுத்துகளின் மீதே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. தொலைபேசி வழி இணைப்போ மிக மெதுவானது. ஒவ்வொரு விசைக்கும் ஒரு முழு வேலையைப் பணித்தால்தான் காலம் மிச்சமாகும். இன்று விந்தையாகத் தோன்றும் வீஐயின் இயல்புகள் அன்றைய தேவையினின்று பிறந்தவை. அதன் வளர்ந்த வடிவமான ‘விம்’ 1991-ல் பிராம் மோலனாரால் வெளியிடப்பட்டது.

மூன்றாவது, 1999-ல் தோன்றிய ‘நேனோ’. இதில் தட்டியது உடனே திரையில் விழும். முக்கியமான விசைகள் திரையின் அடியில் எப்போதும் எழுதப்பட்டிருக்கும். கண்ட்ரோல் விசையுடன் ‘ஓ’ சேமிப்பதற்கு. கண்ட்ரோலுடன் ‘எக்ஸ்’ வெளியேறுவதற்கு. புதியவர்க்கு இதுவே ஏற்றது.

யுனிக்ஸ் மரபைச் சேர்ந்த கணினிகளில் வீஐ அநேகமாக எப்போதும் இருக்கும். நாம் ஒன்றையும் குறிப்பிடாத நிலையில் பல நிரல்கள் வீஐயைத் திறப்பதன் காரணம் இதுவே.

4. சூழல் மாறி

ஷெல் தன்னிடம் சில பெயர்களையும் அவற்றின் மதிப்புகளையும் வைத்திருக்கிறது. இவற்றிற்குச் சூழல் மாறிகள் என்று பெயர். ஷெல் ஒரு நிரலை இயக்கும்போது இப்பட்டியலின் படியொன்றை அந்நிரலிடம் கொடுக்கிறது.

அலுவலகத்திலிருந்து சுற்றுப்பயணம் புறப்படும் ஊழியரை உவமையாகக் கொள்ளலாம். நிலையாணைகளின் படியை அவர் கையில் எடுத்துச் செல்கிறார். வெளியூரில் அப்படியைப் பார்த்தே நடக்கிறார். ஆனால் தம் படியில் அவர் எதைத் திருத்தி எழுதினாலும் அலுவலகத்திலுள்ள மூல ஆணை மாறாது. அதுபோலவே, ஷெல்லிடமிருந்து நிரலுக்கு மாறிகள் செல்லும். நிரலிலிருந்து ஷெல்லுக்குத் திரும்பி வாரா. இவ்வுண்மையை மறவாதிருத்தல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

திருத்தியைக் குறிக்கும் மாறிகள் இரண்டு: ‘எடிட்டர்’, ‘விஷுவல்’. இரண்டும் ஆங்கிலத்தில் ஆறு எழுத்துப் பெயர்கள். எல்லா எழுத்தும் பெரிய எழுத்தாக இருத்தல் வேண்டும். தாளில் அச்சிடும் முனையங்களுக்கு எட் போன்ற வரித் திருத்தியை எடிட்டர் குறித்தது. திரையுள்ள முனையங்களுக்கு முழுத்திரைத் திருத்தியை விஷுவல் குறித்தது. தாள் முனையங்கள் மறைந்த பின்னும் இரு பெயர்களும் நிலைத்துவிட்டன.

பெரும்பாலான நிரல்கள் முதலில் விஷுவலைப் பார்க்கின்றன; அது இல்லையெனில் எடிட்டரைப் பார்க்கின்றன; அதுவும் இல்லையெனில் தமக்குள் எழுதப்பட்டுள்ள இயல்புத் திருத்தியைத் திறக்கின்றன. ஆகவே எடிட்டரை மட்டும் மாற்றிவிட்டு, வேறொருவர் முன்பே அமைத்த விஷுவலை அப்படியே விட்டால் நம் மாற்றம் பயன்படாது. இரண்டையும் சேர்த்து அமைப்பதே முறை. கிட் கருவியில் இவ்விரண்டுக்கும் மேலாகத் தனி அமைப்பும் உண்டு. அங்கே வேறு திருத்தி குறிக்கப்பட்டிருந்தால் அதுவே திறக்கும்.

5. நிலைநிறுத்தும் முறை

முதற்படி: விரும்பும் திருத்தி கணினியில் உள்ளதா எனக் காண்க. ‘கமாண்ட்’ எனத் தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோடும் சிறிய ‘வி’யும் இட்டு, மீண்டும் இடைவெளி விட்டு ‘நேனோ’ எனச் சிறிய எழுத்தில் தட்டுக. அதன் இருப்பிடம் விடையாக வந்தால் திருத்தி உள்ளது. விடை ஒன்றும் வராவிடின் இல்லை.

இரண்டாம்படி: ‘எக்ஸ்போர்ட்’ என்று சிறிய எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு, ‘எடிட்டர்=நேனோ’ என முடிக்க. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி இருத்தல் ஆகாது. இருந்தால் ஷெல் அதனைப் பிழையாகக் கொள்ளும். அவ்வாறே ‘எக்ஸ்போர்ட் விஷுவல்=நேனோ’ என்னும் வரியையும் தருக. எக்ஸ்போர்ட் என்னும் சொல் இன்றி எழுதினால், புதிதாக அமைக்கும் மாறி ஷெல்லிலேயே தங்கிவிடும். பிற நிரல்களுக்குக் கொடுக்கும் படியில் இடம்பெறாது.

மூன்றாம்படி: ‘எக்கோ’ எனத் தட்டி, இடைவெளி விட்டு, டாலர் குறியும் அதனை ஒட்டி எடிட்டர் என்னும் பெயரும் இடுக. நேனோ என்று விடை வரின் மாற்றம் நிகழ்ந்துள்ளது.

இம்மாற்றம் அந்த அமர்வு முடியும் வரையில் மட்டுமே நிற்கும். நிலையாக்க, அவ்விரு வரிகளையும் ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். ‘பேஷ்’ என்னும் ஷெல்லுக்கு அக்கோப்பு நம் சொந்தக் கோப்பகத்திலுள்ள ‘.பேஷ்ஆர்சி’. பெயரின் முதலில் புள்ளி உள்ளதால் அது சாதாரணப் பட்டியலில் தோன்றாது. முதலில் அக்கோப்புக்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, பின்னர் நேனோவில் திறந்து இறுதியில் இரு வரிகளையும் சேர்த்துச் சேமிக்க.

கோப்பை ஒரு நிரலைப் போல இயக்கிப் பார்ப்பவர் பலர். அது பயன் தராது; முன்னர்க் கூறிய சுற்றுப்பயண ஊழியரின் கதைதான். இயக்கப்பட்ட நிரல் தன் படியை மட்டுமே மாற்றிக்கொண்டு மறைகிறது. ‘சோர்ஸ்’ என்னும் கட்டளையுடன் கோப்பின் பெயரைத் தந்தால், நடப்பு ஷெல் தானே அவ்வரிகளைப் படித்து ஏற்கும். அல்லது வெளியேறி மீண்டும் உள்நுழையலாம்.

6. எந்தக் கோப்பு?

தொலைவிலிருந்து உள்நுழையும்போது பேஷ் தன்னை ‘உள்நுழைவு ஷெல்’ எனக் கருதி ‘.பேஷ்_புரொஃபைல்’ என்னும் கோப்பைத் தேடுகிறது, அதுவும் ‘.பேஷ்_லாகின்’ என்பதும் இல்லையெனில் ‘.புரொஃபைல்’ கோப்பைப் படிக்கிறது. மேசைக் கணினியில் திறக்கும் சாதாரண முனையச் சன்னலோ ‘.பேஷ்ஆர்சி’யைப் படிக்கிறது. பல கணினிகளில் முதற்கோப்பே இரண்டாவதை அழைக்குமாறு அமைக்கப்பட்டிருப்பதால் பேஷ்ஆர்சியில் எழுதுவது இரண்டிற்கும் போதும். போதவில்லையெனில் அவ்வழைப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: டெபியன் வகைக் கணினியில் புதிதாகப் பேஷ்_புரொஃபைல் ஒன்றை உண்டாக்கினால், அதுவரை படிக்கப்பட்டு வந்த புரொஃபைல் கோப்பு படிக்கப்படாமல் போகும். அதிலிருந்த பிற அமைப்புகளும் செயலற்றுவிடும்.

‘இசட்-ஷெல்’ பயன்படுத்துவோர் ‘.இசட்எஸ்எச்ஆர்சி’ கோப்பில் அதே வரிகளை எழுதலாம். ‘சி-ஷெல்’ வகையில் எக்ஸ்போர்ட் இல்லை; ‘செட்என்வ்’ என்னும் கட்டளை உண்டு; அங்கே சமக்குறிக்குப் பதிலாக இடைவெளி வரும்.

பாஸ் உள்ளிட்ட டெபியன் வழிவந்த முறைகளில் இன்னொரு வசதி உண்டு. ‘செலக்ட்-எடிட்டர்’ எனத் தட்டினால் உள்ள திருத்திகளின் பட்டியல் எண்களுடன் தோன்றும். வேண்டிய எண்ணைத் தட்டினால் அத்தேர்வு நம் கோப்பகத்தில் பதிவாகும். ஆயினும் சூழல் மாறிகள் அமைந்திருந்தால் அவற்றிற்கே முதலிடம்.

7. கவனிக்க வேண்டியவை

அ) சன்னல் வகைத் திருத்திகளை அமைத்தால் ஒரு சிக்கல் எழும். அவற்றுள் சில, சன்னலைத் திறந்தவுடன் அழைத்த நிரலுக்கு ‘முடிந்தது’ எனத் தெரிவித்துவிடும். நாம் எழுதத் தொடங்குமுன்பே கிட் அல்லது கிரான்டேப் வெற்றுக் கோப்பையோ பழைய கோப்பையோ ஏற்று நகர்ந்துவிடும். விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்றவற்றில் ‘காத்திரு’ எனப் பொருள்படும் ‘வெயிட்’ விருப்பத்தை இரு சிறுகோடுகளுடன் சேர்த்து அமைக்க வேண்டும். அப்போது மதிப்பு முழுவதையும் மேற்கோள் குறிகளுக்குள் இடுக. தொலைக்கணினியில் இவ்வகைத் திருத்திகளை அமைக்காதிருப்பதே நலம்.

ஆ) நிர்வாகிக்குரிய அதிகாரக் கோப்பான ‘சூடோயர்ஸ்’ஸை நேரே எந்தத் திருத்தியிலும் திறத்தல் ஆகாது. ‘விசூடோ’ என்னும் கட்டளை, திருத்திய பின் இலக்கணத்தைச் சோதித்துப் பிழையிருந்தால் எச்சரிக்கும். நேரே திருத்திப் பிழை நேரின் நிர்வாக அதிகாரமே பூட்டப்பட்டுவிடக் கூடும்.

இ) கிரான் அட்டவணையைத் திறக்குமுன், ‘எல்’ என்னும் விருப்பத்தால் அதன் உள்ளடக்கத்தை ஒரு கோப்பில் படியெடுத்து வைப்பது பழக்கமாதல் வேண்டும். அழிக்கும் கட்டளையுடன் ‘ஐ’ சேர்த்தால் உறுதி கேட்ட பின்னரே அழிக்கும். மேலும், கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருப்பின் நம் காலை 8.45 மணி அதற்கு 3.15 ஆகும் என்பதையும் நினைவிற் கொள்க.

ஈ) இசட்-ஷெல்லில் திருத்தியின் பெயரில் வி, ஐ என்னும் எழுத்துகள் சேர்ந்து வந்தால், கட்டளை வரியின் விசைகளே வீஐ முறைக்கு மாறிவிடும். விசைகள் திடீரென வேறுவிதமாக நடந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

8. வீஐயிலிருந்து வெளியேறும் வழி

திருத்தியை நிலைநிறுத்தியவரும் புதிய கணினியொன்றில் வீஐயைச் சந்திக்க நேரும். ஆதலின் வெளியேறும் வழியை அனைவரும் மனப்பாடமாக அறிந்திருத்தல் அவசியம். முதலில் ‘எஸ்கேப்’ விசையை அழுத்துக. பின் முக்காற்புள்ளி, ‘கியூ’, வியப்புக்குறி, ‘என்டர்’: மாற்றங்களைக் கைவிட்டு வெளியேறலாம். முக்காற்புள்ளி, ‘டபிள்யூ’, ‘கியூ’, ‘என்டர்’: சேமித்து வெளியேறலாம். விம்மில் முக்காற்புள்ளி, ‘சி’, ‘கியூ’, ‘என்டர்’ என்பது, அழைத்த நிரலுக்குத் தோல்விக் குறிப்பைத் தந்து வெளியேறும்; கிரான்டேப் அதனைக் கண்டு பழைய அட்டவணையை மாற்றாமல் விட்டுவிடும். ஐயம் நேரும்போது இம்மூன்றாவதே பாதுகாப்பானது. எழுதும் நிலைக்குச் செல்ல ‘ஐ’ விசை.

9. ஆசிரியர்க்குக் குறிப்பு

இப்பாடத்தை வகுப்பில் நடத்தும்போது முதலிலேயே நேனோவை அமைத்துத் தருதல் வேண்டா. மாணவர் ஒருமுறை வீஐயில் நுழைந்து, எஸ்கேப் விசையின் துணையால் தாமே வெளியேறட்டும். அதன் பின்னரே மாறிகளை அமைக்கச் செய்க. அச்சம் நீங்கியபின் கற்கும் வசதி நெஞ்சில் நிற்கும். அடுத்து, ஒரு மாணவர் எக்ஸ்போர்ட் இன்றியும் மற்றொருவர் அதனுடனும் புதிய மாறியொன்றை அமைத்து, இருவரும் உள்ளே இன்னொரு பேஷ் ஷெல்லைத் திறந்து எக்கோவால் சோதித்துப் பார்க்கலாம். படி எடுத்துச் செல்லும் உவமை அப்போது தானே விளங்கும்.

10. தொகுப்புரை

திருத்தியைக் கணினி தன் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு பெயரைத் தேடுகிறது. பெயர் இல்லாதபோது முன்பே எவரோ எழுதி வைத்ததைப் பின்பற்றுகிறது. புனேயின் பெருங்கணினியாயினும் சிற்றூர்ப் பள்ளியின் மடிக்கணினியாயினும் விதி ஒன்றே. நம் பெயரில் இரு வரிகளை எழுதி வைத்தால், தொலைவிலுள்ள கணினியிலும் நமக்குப் பழக்கமான கருவியே கைக்கு வரும்; காலை 8.45 மணிக்குச் செல்ல வேண்டிய மழையளவும் உரிய நேரத்தில் செல்லும்.

பயிற்சி வினாக்கள்

1. எடிட்டர், விஷுவல் ஆகிய இரு மாறிகள் தோன்றிய காரணம் யாது? இரண்டையும் சேர்த்து அமைப்பது ஏன்?

2. தொடக்கக் கோப்பை நிரலாக இயக்குவதற்கும் சோர்ஸ் கட்டளையால் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. கிரான்டேப் கட்டளையில் ‘இ’, ‘ஆர்’, ‘எல்’ ஆகிய விருப்பங்களின் செயல்களைக் கூறுக. இவற்றுள் முதலில் செய்யத்தக்கது எது?

4. தொலைக்கணினியில் உள்நுழைந்தபோது நேனோ வருகிறது; மேசைக் கணினியின் சன்னலில் வீஐ வருகிறது. எந்தக் கோப்புகளை ஆராய்வீர்?

5. வீஐயில் தவறுதலாகச் சில வரிகள் அழிந்துவிட்டன. பழைய அட்டவணைக்கு ஊறு நேராமல் வெளியேறுவது எங்ஙனம்?